சிறு பாத்திரங்களின் பெண்–பெண் காதல்: ரீஜென்சி கால மறுபுனைவு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813 ஜனவரி 28 அன்று வெளிவந்தது. எலிசபெத், டார்சி கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களைச் சுற்றி ஒரு வரி, அரைப் பக்கம் என்று வந்துபோகிற பெண்கள் பலர் உண்டு. அவர்களில் இருவரை எடுத்து, அவர்களுக்கிடையில் காதலை வைத்து, அதே ரீஜென்சி கால (1811–1820) இங்கிலாந்தில் நாவலோ குறுநாவலோ எழுத நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு நாவலிலிருந்தே வருகின்றன. இரு பெண்களைக் காதலிக்க வைப்பது எளிது. அவர்கள் எந்த வீட்டில், யார் பணத்தில், யார் கண்ணெதிரே வாழப் போகிறார்கள் என்று வாசகரை நம்பவைப்பதுதான் கடினம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எந்தப் பாத்திரத்தை எடுப்பது?

மூலத்தில் பெயரும் பணமும் ஒரு பயணமும் மட்டும் சொல்லப்பட்டு, மனம் சொல்லப்படாத பெண்ணை எடுங்கள். அதற்கு மிகச் சிறந்தவள் மேரி கிங். மூன்றாம் அத்தியாயத்து நடன விருந்தில் டார்சியின் நண்பன் பிங்லி மூன்றாவது இணை நடனங்களை இவளோடுதான் ஆடுகிறான். பிறகு தாத்தா இறந்து இவளுக்கு 10,000 பவுண்டு வருகிறது. அதுவரை திரும்பிப் பார்க்காத படை அதிகாரி விக்கம் உடனே பின்னால் அலைகிறான். முகத்தில் புள்ளிகள் உள்ளவள் என்று எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா ஏளனம் செய்கிறாள். கடைசியில் லிவர்பூலில் இருக்கும் மாமாவிடம் போய்விட்டாள், அங்கேயே தங்கப் போகிறாள் என்று ஒரு வரியில் செய்தி வருகிறது. நாவலில் அவள் வாய் திறப்பதே இல்லை. விக்கமை அவள் விரும்பினாளா, போனது அவள் முடிவா, யாரைப் பிரிந்து போனாள் என்ற எல்லாக் கேள்விகளும் உங்களுக்காகத் திறந்திருக்கின்றன.

அடுத்தவள் ஆன் டி பர்க். ரோசிங்ஸ் என்ற பெருமாளிகையின் வாரிசு, லேடி கேத்தரினின் மகள், நோயாளி, விருந்து மேசையில் எலிசபெத்திடம் ஒரு சொல்லும் பேசாதவள். மட்டக்குதிரைகள் பூட்டிய சிறு திறந்த வண்டியில் அந்தப் பக்கம் போய்வருபவள். இந்த வண்டியைப் பலர் கவனிப்பதில்லை. தாயின் கண்பார்வையைத் தாண்டி அவள் செல்லும் ஒரே இடம் அதுதான்.

எலிசபெத்தின் தங்கை மேரி பென்னட் இன்னொருத்தி. இறுதி அத்தியாயத்தில் வீட்டிலேயே தங்கிவிட்ட மகள் இவள் மட்டும்தான். எலிசபெத்தின் தோழி சார்லட்டின் தங்கை மரியா லூகஸும் நல்ல தேர்வு. ரோசிங்ஸுக்கு அருகே ஹன்ஸ்ஃபோர்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவள் என்பதால் ஆன் டி பர்க்கைச் சந்திக்க அவளுக்கு இயல்பான வழி இருக்கிறது.

வயதில் கவனமாக இருங்கள். டார்சியின் தங்கை ஜார்ஜியானாவுக்கு நாவலில் பதினாறு முடிந்து கொஞ்சம்தான் ஆகிறது. மேரி பென்னட், இன்னும் இருபத்தொன்று ஆகாத எலிசபெத்துக்கு இளையவள். இவர்களை நாயகியாக்குவதானால் கதையை நான்கைந்து ஆண்டு தள்ளி, 1816 அல்லது அதற்குப் பிறகு வையுங்கள். இருபத்தொரு வயது அன்றைய சட்டப்படி தன் சொத்தைத் தானே ஆளும் வயது. ஆகவே கதைக்கும் அது உதவும்.

மூல நாவலை எப்படிப் படித்துக் குறிப்பெடுப்பது?

இரண்டு முறை படியுங்கள். முதல் முறை முழுதாக, கதைக்காக. இரண்டாம் முறை உங்கள் பாத்திரத்தின் பெயர் வரும் இடங்களை மட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: அத்தியாய எண், மாதம், அங்கே இருந்தவர்கள், செய்தியைச் சொல்பவர். நான்காவதுதான் முக்கியம். மேரி கிங்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிறர் வாய்ச்சொல். லிடியா பொறாமையில் சொன்னது வேறு, கதைசொல்லி சொன்னது வேறு. பிறர் சொன்னதை நீங்கள் மறுக்கலாம். கதைசொல்லி சொன்னதை மறுத்தால் வாசகர் கேள்வி கேட்பார்.

காலக்கோட்டுக்கு ஒரு பிடி உண்டு. பென்னட் குடும்பத்தின் உறவினரான பாதிரியார் காலின்ஸ் தன் கடிதத்தில் நவம்பர் 18, திங்கட்கிழமை வருவதாக எழுதுகிறார். 1811 நாட்காட்டியில் அந்தத் தேதி திங்கள்தான். அதை ஒப்புக்கொண்டால் மேரி கிங் லிவர்பூல் போன செய்தி 1812 மே வாக்கில் வருகிறது. அந்த 1811 இலையுதிர் காலத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வானில் இருந்தது. ஆஸ்டின் அதைச் சொல்லவில்லை, நீங்கள் சொல்லலாம்.

மூலக்கதையின் நிகழ்வுகளை மாற்றலாமா?

மாற்றாமல் இருப்பதே வலிமை. எலிசபெத்துக்கும் டார்சிக்கும் திருமணம் நடக்கட்டும். அதே திருமணம் தேவாலயத்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதே உங்கள் கதை. மூலக் காட்சிகளுக்குள் மூன்று, நான்கு முறைக்கு மேல் நுழையாதீர்கள். அதற்கு மேல் போனால் வாசகரின் கவனம் எலிசபெத்திடம் ஓடிவிடும். அவள் உங்கள் நாயகிகளைவிட நன்றாகப் பேசுபவள். அவளை மேடையில் நிறுத்தும்போதெல்லாம் உங்கள் நாயகி மங்குவாள்.

இன்னொரு பொதுவான பிழை, நாயகிகளை உயர்த்துவதற்காக மூலப் பாத்திரங்களைக் கெடுப்பது. டார்சியைக் கொடியவனாக்கினால் அந்த நாவலை நேசித்து வந்த வாசகர் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்.

அந்தக் காலத்தில் இப்படி வாழ்ந்த பெண்கள் உண்டா?

உண்டு. அவர்களைப் படிக்காமல் எழுதத் தொடங்க வேண்டாம்.

எலினோர் பட்லர், சாரா பொன்சன்பி இருவரும் அயர்லாந்துப் பெருங்குடும்பப் பெண்கள். 1778இல் வீட்டைவிட்டுக் கிளம்பி, 1780 முதல் வேல்ஸிலுள்ள லாங்கொல்லனில் ‘பிளாஸ் நெவிட்’ என்ற வீட்டில் வாழ்ந்தார்கள். பட்லர் 1829இல் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு, ஒரே கூரையின் கீழ். வேர்ட்ஸ்வொர்த், வால்டர் ஸ்காட் போன்றோர் அவர்களைப் பார்க்க வந்தார்கள். ஊர் அதை உன்னத நட்பு என்று கொண்டாடியது. அவர்களுக்குள் உடலுறவு இருந்ததா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

ஆன் லிஸ்டர் விஷயத்தில் அந்த ஐயமே இல்லை. 1791இல் பிறந்தவர், யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹால் என்ற பண்ணை வீட்டின் உரிமையாளர். சுமார் 50 லட்சம் சொற்கள் நாட்குறிப்பு எழுதினார். அதில் ஆறில் ஒரு பங்கு கிரேக்க எழுத்தும் இயற்கணிதக் குறிகளும் கலந்த மறைகுறியீட்டில் இருக்கிறது. பெண்களோடு தனக்கிருந்த காதலும் உடலுறவும் அந்தப் பகுதியில் வெளிப்படையாகப் பதிவாகியுள்ளன. அவருடைய காதலி மரியானா பெல்கோம் 1816இல் பணத்துக்காக ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காயம் லிஸ்டருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. 1834 ஈஸ்டர் ஞாயிறன்று யார்க் நகரின் குட்ராம்கேட் தெருத் தேவாலயத்தில் ஆன் வாக்கரோடு சேர்ந்து நற்கருணை பெற்று, அதையே தங்கள் திருமணமாகக் கொண்டார்.

இவர் ஆஸ்டினின் பாத்திரங்களுக்குச் சம வயதுக்காரர் என்பதை மறக்காதீர்கள். நாவலின் மெரிட்டன் ஊரில் நடன விருந்து நடந்த அதே ஆண்டுகளில் ஹாலிஃபாக்ஸில் இவர் எழுதிக்கொண்டிருந்தார். ‘அந்தக் காலத்தில் இப்படி நினைத்தே இருக்கமாட்டார்கள்’ என்பவர்களுக்கு இந்த நாட்குறிப்பு ஒன்றே பதில்.

சட்டம் தண்டிக்குமா?

இங்கிலாந்தின் குற்றவியல் சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 1861 வரை மரண தண்டனை வைத்திருந்தது. அத்தகைய கடைசித் தூக்கு 1835இல் நடந்தது. பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. 1921இல் ஒரு முயற்சி நடந்து, பிரபுக்கள் சபையில் தோற்றது. ஆகவே உங்கள் கதையில் காவலர் வந்து கதவைத் தட்டும் காட்சி வேண்டாம். அச்சம் வேறு பக்கமிருந்து வரும்: பணத்தை நிறுத்தும் அப்பா, வேறு ஊருக்கு அனுப்பும் அத்தை, திருமணப் பேச்சைத் தொடங்கும் பாதிரியார்.

ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

எடின்பரோவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். மேரியன் வுட்ஸ், ஜேன் பைரி என்ற இரு ஆசிரியைகள் 1809இல் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். 1810 நவம்பரில் ஜேன் கம்மிங் என்ற மாணவி, ஆசிரியைகள் இருவரும் இரவில் ஒரே படுக்கையில் தகாத முறையில் இருந்ததாகத் தன் பாட்டியிடம் சொன்னாள். பாட்டி சீமாட்டி, பெயர் ஹெலன் கம்மிங் கார்டன். அவர் மற்றக் குடும்பங்களுக்குச் செய்தி அனுப்ப, ஓரிரு நாளில் பள்ளி காலியானது. ஆசிரியைகள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். 1811இல் ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்கள், 1812இல் ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள். பிரபுக்கள் சபை 1819இல் அந்த வெற்றியை உறுதிசெய்தது. அதற்குள் இருவர் வாழ்வும் குலைந்திருந்தது.

நம் வாசகர்களுக்கு இதில் இன்னொரு நெருடல் உண்டு. ஜேன் கம்மிங் இந்தியத் தாய்க்கும் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் இந்தியாவில் பிறந்தவள். பிரிட்டிஷ் பெண்களுக்கு இப்படிப்பட்ட எண்ணமே வராது, இந்தச் சிறுமி இந்தியாவில் கற்றுவந்த அசிங்கம் இது என்ற வாதத்தை நீதிமன்றம் கவனத்தோடு கேட்டது. ஆசிரியைகளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு கலப்பினச் சிறுமியின் பிறப்பே சான்றாக்கப்பட்டது. ரீஜென்சி கதையில் இந்தியாவை எங்கே நுழைப்பது என்று தேடுபவர்கள், சால்வைக்கும் தேயிலைக்கும் முன்னால் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

இதிலிருந்து கதைக்குக் கிடைப்பது ஒரு விதி. சந்தேகம் வந்ததும் உயர்குடி விசாரிப்பதில்லை, ஓசையில்லாமல் விலகிக்கொள்ளும். அழைப்புகள் நிற்கும், மாணவிகள் போவார்கள், கடைக்காரர் கடன் தரமாட்டார். வில்லன் ஒருவனை உருவாக்குவதைவிட, வழக்கமாக வரும் அழைப்பு இந்த முறை வரவில்லை என்று எழுதுவது உண்மைக்கு அருகில் இருக்கும்.

இருவரும் வாழப் பணம் எவ்வளவு வேண்டும்?

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஆஸ்டினே அளவுகோல் தந்திருக்கிறார். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் ஒரு தாயும் மூன்று மகள்களும் ஆண்டுக்கு 500 பவுண்டில் வாழ்கிறார்கள். இரண்டு வேலைக்காரப் பெண்கள், ஒரு வேலைக்காரர், வண்டி கிடையாது. அதே நாவலில் எட்வர்டும் எலினோரும் 350 பவுண்டை வைத்துக்கொண்டு வசதியாகக் குடும்பம் நடத்த முடியாது என்று தயங்குகிறார்கள்.

இப்போது மேரி கிங்கின் 10,000 பவுண்டை எடுங்கள். அரசுப் பத்திரங்களில் நான்கு சதவீதத்தில் ஆண்டுக்கு 400. மேரி பென்னட்டின் பங்கு, காலின்ஸ் சுட்டிக்காட்டுகிறபடி, நான்கு சதவீதப் பத்திரத்தில் 1,000 பவுண்டு. அதாவது ஆண்டுக்கு 40, அதுவும் அம்மா இறந்த பிறகுதான். இருவரும் சேர்ந்தால் 440. ஒரு சிறு நகரத்தில் வாடகை வீடு, சமையற்காரி, ஒரு வேலைக்காரப் பெண், ஒரு பியானோ எல்லாம் நடக்கும். சொந்த வண்டி நடக்காது. லண்டனில் நல்ல தெருவும் நடக்காது.

இந்தக் கணக்கிலேயே கதையின் மோதலும் இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்வரை மேரி பென்னட் தன் கையில் ஒரு காசும் இல்லாமல் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்குத் தன்மானம் அதிகம். அவள் ஏன் தயங்குகிறாள் என்பதற்குப் பாவ உணர்வு, ஊர்ப்பயம் என்று பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை, ‘உன் 400இல் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?’ என்ற கேள்வி போதும்.

ஆன் டி பர்க்கின் நிலை வேறு. பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் ஆண் வாரிசுக்கே, அதாவது காலின்ஸுக்கே, போகும் சொத்து. ரோசிங்ஸ் அப்படி இல்லை. பெண்வழியை விலக்கும் ஏற்பாடு சர் லூயிஸ் டி பர்க்கின் குடும்பத்துக்குத் தேவைப்படவில்லை என்று லேடி கேத்தரினே பெருமையாகச் சொல்கிறார். மகள் தாயிடமிருந்து தப்பிக்க உதவும் சாவியைத் தாயே அறியாமல் வாசகர் கையில் தந்துவிடுகிறார். ஆன் திருமணம் செய்யாமலே இருந்தால் ரோசிங்ஸை அவளே ஆளலாம், ஷிப்டன் ஹாலை லிஸ்டர் ஆண்டதுபோல. திருமணம் செய்தால் தனி ஒப்பந்தம் எழுதாதவரை நிர்வாகம் கணவன் கைக்குப் போகும். மணமாகாத பெண்ணுக்குச் சட்டத்தில் இருந்த உரிமை மணமானவளுக்கு 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தீர்மானியுங்கள். மேரி கிங்கின் தாத்தா எதில் சம்பாதித்தார் என்று நாவல் சொல்லவில்லை. மாமா இருப்பது லிவர்பூலில். 1807இல் தடை வரும்வரை பிரிட்டனின் அடிமை வாணிபத்துக்குத் தலைமைத் துறைமுகம் அதுவே. அந்த 10,000 பவுண்டில் அந்த வாணிபத்தின் பங்கு உண்டா, இல்லையா? நீங்கள் எதைத் தேர்ந்தாலும் சரி, தேர்ந்தெடுக்காமல் கடந்துபோகாதீர்கள்.

ஒருத்தி இறந்தால் மற்றவளுக்கு என்ன கிடைக்கும்?

உயில் இல்லையென்றால் ஒன்றுமில்லை. எல்லாம் இரத்த உறவுக்குப் போகும். அதனால் இந்த வகைக் கதையில் மோதிரம் மாற்றும் காட்சிக்கு நிகரான எடை உயில் எழுதும் காட்சிக்கு உண்டு. 1837 உயில் சட்டத்துக்கு முன் நிலத்தை எழுதிவைக்க மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவரே சாட்சியாக நின்றால் அவருக்கு எழுதியது செல்லாது. எனவே காதலி கையெழுத்திட முடியாது. நம்பிக்கைக்குரிய மூன்று பேர் தேவை. யார் அந்த மூவர், அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

உயில் இருந்தாலும் போதாது என்பதை ஆன் வாக்கர் காட்டுகிறார். லிஸ்டர் 1840இல் ஜார்ஜியா நாட்டின் குட்டாய்சியில் இறந்தார். வாக்கர் திருமணம் செய்யாதவரை ஷிப்டன் ஹாலில் வாழலாம் என்று உயிலில் எழுதியிருந்தார். 1843இல் உறவினர்கள் வாக்கருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லி அவரை அங்கிருந்து அகற்றினார்கள். இன்பமான முடிவு எழுதுபவர்கள் நாயகிகளின் உறவினர்களில் ஒருவரையாவது அவர்கள் பக்கம் நிறுத்திவிட்டு முடியுங்கள்.

சார்லட் லூகஸை நாயகியாக்கலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது அவளைத்தான். 27 வயது, கூர்மையான அறிவு, காலின்ஸோடு கண்ணைத் திறந்துகொண்டே செய்த திருமணம். கணவர் அடிக்கடி வந்து உட்காராதபடி வீட்டின் பின்பக்க அறையைத் தன் அறையாக வைத்துக்கொண்டவள். அந்த அறை ஒரு பரிசு. ஆனால் அவளுக்கு விடுதலை தருவதில்தான் பெரும்பாலான கதைகள் தடுக்கி விழுகின்றன.

விவாகரத்து வழி இல்லை. 1857க்கு முன் அதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். மனைவி கேட்டு அப்படி வெற்றி பெற்றவர்கள் மொத்தம் நால்வர். அடுத்ததாக எழுத்தாளர்கள் நாடுவது காலின்ஸைச் சாகடிப்பதை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஹன்ஸ்ஃபோர்டு வீடு பதவியோடு வந்தது. அவர் இறந்தால் அடுத்த பாதிரியாருக்காக அதைக் காலி செய்ய வேண்டும். திரு. பென்னட்டுக்கு முன்னால் அவர் இறந்தால் லாங்போர்னும் அவர் கைக்கு வந்திருக்காது. நாவலின் முடிவில் சார்லட் கருவுற்றிருப்பதைக் காலின்ஸின் கடிதம் குறிப்பாகச் சொல்கிறது. பிறப்பது மகனானால் அவனே லாங்போர்ன் வாரிசு, பெண்ணானால் அதுவும் இல்லை. ஆகவே திரு. பென்னட் முதலில் இறக்க வேண்டும், காலின்ஸ் பிறகு, மகன் உயிரோடு என்ற வரிசை தேவை. அப்போது சார்லட் சிறுவாரிசின் தாயாக லாங்போர்னில் இருக்கலாம், துணைக்கு ஒரு பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளவும் செய்யலாம். கைம்பெண்ணுக்குத் துணைப்பெண் என்பது ஊர் கேள்வி கேட்காத ஏற்பாடு.

ஒரே படுக்கையில் படுக்க வைத்தால் பதற்றம் வருமா?

தானாக வராது. சகோதரிகள், தோழிகள், விருந்தாளிகள் ஒரே படுக்கையைப் பகிர்வது அன்று இயல்பு. கைகோத்து நடப்பதும், கன்னத்தில் முத்தமிடுவதும், ‘அன்பே’ என்று கடிதம் தொடங்குவதும் அப்படியே. இன்றைய கதைகளில் பதற்றம் தரும் எல்லாமே அங்கே அனுமதிக்கப்பட்டவை. எனவே வழக்கத்திலிருந்து விலகும் புள்ளியைத் தேடுங்கள். எப்போதும் கைகோத்து நடந்தவள் இன்று கையை எடுத்துக்கொண்டாள் என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். பெயரும் அப்படித்தான். மூத்த மகள் மட்டும் ‘மிஸ் பென்னட்’, இளையவள் ‘மிஸ் மேரி பென்னட்’. ‘மிஸ் கிங்’ ஒருநாள் வெறும் ‘மேரி’ ஆவது பெரிய படி. இரண்டு மேரிகளை வைத்து எழுதினால் ஒருத்தியை ‘பாலி’ என்றோ ‘மோலி’ என்றோ அழைக்கவையுங்கள். இரண்டும் மேரிக்கு அன்று வழங்கிய செல்லப் பெயர்கள்தான்.

நடன விருந்தில் ஆண்கள் குறைவானால் இரு பெண்கள் சேர்ந்து ஆடுவதுண்டு. பொது விருந்தென்றால் நடன நிர்வாகியின் அனுமதி கேட்க வேண்டும். அந்த அனுமதியைக் கேட்கப் போவது இருவரில் யார் என்பதே ஒரு காட்சி.

உடை பற்றி எவ்வளவு தெரிய வேண்டும்?

உடலை ஒட்டி முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் லினன் உள்ளங்கி, அதன்மேல் நாடா இழுத்துக் கட்டும் மார்க்கச்சு, பிறகு உள்பாவாடை, பிறகு கவுன். இந்த வரிசை தெரிந்தால் போதும். முதுகுப்பக்கம் கட்டும் மார்க்கச்சை அவிழ்க்க இன்னொரு கை வேண்டும். முன்பக்கம் கட்டும் குட்டை வகையும் உண்டு, அது தனியாகப் போட்டுக்கொள்பவளுக்கு. கவுனின் முன்மடிப்பைப் பல சமயம் குண்டூசியால் குத்தியிருப்பார்கள், அவசரத்தில் கிழித்தெறிந்தால் யாருக்காவது ரத்தம் வரும். நாடாத் துளைகள் நூலால் தைத்தவை. உலோக வளையம் பதித்த துளைகள் 1820களின் கடைசியில்தான் வந்தன, அதனால் மூச்சுத்திணற இறுக்கிக் கட்டும் காட்சி ரீஜென்சிக்குப் பொருந்தாது.

கடிதங்களை எப்படிப் பயன்படுத்துவது?

1840க்கு முன் தபால் கட்டணத்தைப் பெறுபவரே கட்டுவது வழக்கம். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப விலை. மெரிட்டன் இருக்கும் ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலிருந்து லிவர்பூல் தொலைவுக்கு 1812 விகிதப்படி ஒரு தாளுக்கு 11 பென்ஸ், இரண்டு தாளென்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள், அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு முத்திரை வைத்தார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே எழுதினார்கள்.

மேரி பென்னட்டுக்கு வரும் கடிதத்துக்குக் காசு கொடுப்பவர் அப்பா. வாரம் ஒரு கடிதம் வந்தால் அவர் கேட்காமல் இருப்பாரா? கிண்டல் செய்யாமல் இருப்பாரா? நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் இலவசம். அப்படி ஒருவரைத் தெரிந்த தோழி கதைக்குப் பயன்படுவாள். ஒரு வசதியும் உண்டு: நிச்சயமாகாத ஆணுக்கு எழுதினால் பெயர் கெடும், பெண்ணுக்கு எழுதினால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள்.

அடிக்கடி வரும் காலப்பிழைகள் எவை?

தீக்குச்சி (1820களின் பிற்பகுதி), பயணிகள் ரயில் (லிவர்பூல்–மான்செஸ்டர் 1830), தபால்தலை (1840), விக்டோரியா ராணி (1837), வெள்ளைக் கவுன்தான் மணப்பெண்ணுக்கு என்ற கட்டாயம். ரீஜென்சி என்பதே 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரைதான். வானிலையையும் பாருங்கள்: 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816 கோடை குளிராலும் மழையாலும் கெட்டது. இருவரை ஒரு வீட்டுக்குள் வாரக்கணக்கில் அடைத்துவைக்க வரலாறே தந்த காரணம் அது. அந்த ஆண்டில் வெயில் கொளுத்தும் ஜூலை உலாவை எழுதிவிடாதீர்கள்.

தமிழில் எழுதும்போது உரையாடல் எப்படி இருக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி நமக்கு இருக்கிறது: நீங்கள், நீ. முதல் பாதி முழுக்க ‘நீங்கள்’ என்றே நடத்துங்கள். எந்த வரியில் ‘நீ’ வருகிறது, யார் முதலில் சொல்கிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். நாவலாசிரியர் பலர் இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே கவனமின்றிச் செலவழித்துவிடுகிறார்கள். ரோசிங்ஸில் ஆன் ‘நீ’ என்று தொடங்கினால் அது அதிகாரம். மரியா லூகஸ் அதே ‘நீ’யைத் திருப்பிச் சொல்லும் நாள்தான் காதல்.

வட்டாரப் பேச்சைக் கொடுக்காதீர்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் வேலைக்காரிக்கு மதுரைத் தமிழ் வைத்தால் வாசகர் மதுரைக்குப் போய்விடுவார். வேலைக்காரர்களின் வாக்கியங்களைக் குட்டையாக்கினால் போதும். கற்பு, குலமானம் போன்ற சொற்களும் வேண்டாம். அவை நம் ஊர்ச் சுமையை அங்கே இறக்கும். அங்கே இருந்த சுமை நற்பெயர், வரன், வருமானம்.

துயர முடிவுதானே நேர்மையானது?

இல்லை. காதல் கதை என்று சொல்லி வாசகரை அழைத்துவிட்டு, கடைசியில் ஒருத்திக்குக் காசநோய் கொடுப்பது ஏமாற்று. தன்பாலீர்ப்புக் கதைகளில் இது பல தலைமுறையாக நடந்துவந்திருக்கிறது. இப்படிப்பட்ட கதையைத் தேடிவரும் பெண்களில் பலர் தங்களைப் போன்றவர்கள் சாகாமல் இருக்கும் பக்கத்தைத் தேடித்தான் வருகிறார்கள். வரலாறும் அவர்கள் பக்கம் நிற்கிறது: லாங்கொல்லன் இணை கடன் தொல்லைகளோடும் தோட்டத்தோடும் ஐம்பது ஆண்டு வாழ்ந்தது. உங்கள் நாயகிகளுக்கும் கடன் கொடுங்கள், சளி கொடுங்கள், சண்டை கொடுங்கள், பிறகு வீட்டையும் கொடுங்கள்.

காப்புரிமை?

ஆஸ்டின் 1817 ஜூலை 18 அன்று இறந்தார். அவர் எழுதிய நாவல் இந்தியாவிலும் பிரிட்டனிலும் பொதுவுடைமை. பாத்திரங்கள், இடங்கள், வரிகள் எதையும் பயன்படுத்தலாம். ஆனால் திரைவடிவங்களும் பிறரின் மறுபுனைவுகளும் உரிமையுள்ளவை. டார்சி நனைந்த சட்டையோடு குளத்திலிருந்து வருவது 1995 தொலைக்காட்சித் தொடரில் சேர்த்தது. மழையில் நின்று காதலைச் சொல்வது 2005 திரைப்படத்தில் சேர்த்தது, நாவலில் அது ஹன்ஸ்ஃபோர்டு வீட்டுக்குள் நடக்கிறது. ஒரு காட்சி நினைவுக்கு வந்தால் அது நூலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்பும் அப்படியே: பழைய நாவல் பொதுவுடைமையானாலும் அண்மைத் தமிழ் மொழிபெயர்ப்பின் வரிகள் மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தம். மேற்கோள் வேண்டுமென்றால் மூலத்திலிருந்து நீங்களே தமிழாக்கிக்கொள்ளுங்கள்.